நீதிமன்றத்தில் பிள்ளையின் பக்கம் நிற்பவர் யார்?

பொலிசிலோ நீதிமன்றத்திலோ அகப்பட்ட பிள்ளைக்காகப் பேசுவது, அந்தப் பிள்ளையின் நிலையை நீதவானுக்கு எடுத்துச் சொல்வது, வழக்கு முடிந்த பிறகும் நலனைக் கவனிப்பது ஆகியவை சிறுவர் நலவாதியின் பணிகள். சில நாடுகளில் இதற்குத் தனிப் பொறுப்பாளர் உண்டு. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1977இல் டேவிட் சூக்கப் என்ற நீதிபதி, துன்புறுத்தப்பட்ட பிள்ளைகளைப் பற்றிப் போதிய விவரம் கையில் இல்லாமலே அவர்களின் வாழ்க்கையைத் தீர்மானிக்க வேண்டியிருப்பதை உணர்ந்தார். பயிற்சி பெற்ற தொண்டர்களைப் பிள்ளைகளுக்கென்று நியமிக்கத் தொடங்கினார். அந்த முறை பின்னர் அந்நாடெங்கும் பரவியது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் அப்படித் தனிப் பதவி இல்லை. ஒருவர் செய்யக்கூடிய இந்த வேலை இங்கே ஐந்தாறு பேரிடம் பிரிந்து கிடக்கிறது. சட்டத்தரணி வழக்கைப் பார்க்கிறார், நன்னடத்தை உத்தியோகத்தர் வீட்டைப் பார்க்கிறார், உளவளத்துணையாளர் மனதைப் பார்க்கிறார். முழுப் பிள்ளையையும் பார்ப்பவர் எவருமில்லாமற் போய்விடும் ஆபத்து இந்த ஏற்பாட்டிலேயே இருக்கிறது. எந்தக் கட்டத்தில் எவரிடம் எதைக் கேட்கலாம் என்று குடும்பம் அறிந்திருந்தால் அந்த ஆபத்துப் பெருமளவு குறையும்.

யார், எங்கே, என்ன பொறுப்பு

நன்னடத்தை உத்தியோகத்தரே இந்த வரிசையில் முதன்மையானவர். நன்னடத்தையும் சிறுவர் பராமரிப்பும் 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின் பின் மாகாணங்களுக்குரிய விடயமானதால், குடாநாட்டில் இவர்கள் வடக்கு மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களத்தின் கீழ் வேலை செய்கிறார்கள். பிள்ளையின் குடும்பம், பள்ளிக்கூடம், அயல், பழக்கவழக்கம் ஆகியவற்றை விசாரித்து நீதிமன்றத்துக்கு அறிக்கை தருவதும், நீதிமன்றம் கட்டளையிட்டால் பிள்ளையை மேற்பார்வை செய்வதும் இவர்களின் கடமை.

பிரதேச செயலகங்களில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் சார்பில் சிறுவர் பாதுகாப்பு உத்தியோகத்தரும் உள்ளனர். இந்த அதிகாரசபை 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. யாழ்ப்பாண மாவட்டத்தில் 15 பிரதேச செயலகப் பிரிவுகள் இருப்பதால் எந்தக் குடும்பத்துக்கும் இந்த உத்தியோகத்தர்கள் எட்டாத தூரத்தில் இல்லை. பள்ளி இடைவிலகல், வீட்டு வன்முறை, சிறுவர் உழைப்பு போன்றவற்றை வழக்காவதற்கு முன்பே கவனிக்க வேண்டியவர்கள் இவர்களே.

பொலிஸ் நிலையங்களில் சிறுவர், பெண்கள் பிரிவு இயங்குகிறது. பிள்ளையின் வாக்குமூலம் இந்தப் பிரிவினரால் எடுக்கப்பட வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை. வழக்கில் பிள்ளைக்காகத் தோன்றுபவர் சட்டத்தரணி. பணம் கொடுத்து அமர்த்த முடியாத குடும்பங்களுக்கு, 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாகச் சட்டத்தரணியை ஒழுங்கு செய்கிறது. அதற்கு யாழ்ப்பாணத்திலும் நிலையம் உண்டு. 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கக் குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டத்தின் 5ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. குற்றவியல் வழக்கில் பிள்ளைக்குக் கணிசமான அநீதி நேரக்கூடிய நிலை இருந்தால், அரச செலவில் சட்ட உதவி பெறும் உரிமையை அது பிள்ளைக்கு வழங்குகிறது. பிள்ளைகள் தொடர்பான எந்த விடயத்திலும், நீதிமன்றமாயினும் நிர்வாகமாயினும், பிள்ளையின் உயர் நலனே முதன்மையானது என்றும் அதே பிரிவு விதிக்கிறது.

சட்டத்தரணியும் நன்னடத்தை உத்தியோகத்தரும் ஒரே வேலையைச் செய்வதில்லை. பிள்ளை என்ன விரும்புகிறது, என்ன சொல்கிறது என்பதைச் சட்டத்தரணி முன்வைக்கிறார். பிள்ளைக்கு எது நல்லது என்று தமக்குப் படுவதை உத்தியோகத்தர் முன்வைக்கிறார். தாயிடம் போகவே விரும்பும் சிறுமியின் வீட்டில் அவளைத் துன்புறுத்துபவர் இருந்தால் இந்த இரு குரல்களும் ஒன்றோடொன்று மோதும். நீதவான் இரண்டையும் கேட்டாக வேண்டும். இலங்கை 1991 யூலையில் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரை, தன்னைப் பாதிக்கும் விடயத்தில் பிள்ளையின் கருத்துக் கேட்கப்பட வேண்டும் என்று கூறுவது இதைத்தான்.

வயது: முதலில் கேட்கப்படும் கேள்வி

பிள்ளை மீதான எந்த வழக்கிலும் முதலில் நிறுவ வேண்டியது வயதை. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையைக் குற்றம் செய்யக்கூடியவராகக் கருதியது. 2018ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கத் திருத்தம் இந்த எல்லையை 12 ஆக உயர்த்தியது. 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை எதைச் செய்தாலும் அது குற்றமாகாது. 12க்கும் 14க்கும் இடைப்பட்ட பிள்ளை தான் செய்வதன் தன்மையையும் விளைவையும் விளங்கிக்கொள்ளும் முதிர்ச்சி பெற்றிருந்ததா என்பதைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். இந்த எல்லையை உலக நாடுகள் குறைந்தது 14 ஆக வைக்க வேண்டும் என்று ஐ.நா. சிறுவர் உரிமைகள் குழு 2019இல் பரிந்துரைத்தது.

சிறுவர் நீதிமன்ற நடைமுறையின் அடிப்படை 1939ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம். அது இயற்றப்பட்டபோது 14 வயதுக்குக் குறைந்தவரைச் சிறுவர் என்றும், 14க்கும் 16க்கும் இடைப்பட்டவரை இளம் ஆள் என்றும் வகுத்தது. இதனால் 16, 17 வயதுப் பிள்ளைகள் பல பத்தாண்டுகளாகப் பெரியோருடன் சேர்த்தே நடத்தப்பட்டனர். எல்லையை 18க்குக் கொண்டுவர வேண்டும் என்பது சிறுவர் நலவாதிகளின் நெடுநாட் கோரிக்கையாக இருந்தது. 18 நிரம்பாத எவருடைய வழக்கிலும் சட்டத்தரணி முதல் நாளிலேயே வயதை நீதவானின் கவனத்துக்குக் கொண்டுவருவது அவசியம்.

வயதுக்குச் சான்று பிறப்புச் சான்றிதழ். போர்க்கால இடப்பெயர்வுகளில் அதைத் தொலைத்த குடும்பங்கள் குடாநாட்டில் ஏராளம். அத்தகையோர் மாவட்டப் பதிவாளர் பிரிவில் பிரதி பெறலாம். எந்த ஆவணமும் கிடைக்காவிட்டால் சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனை மூலம் வயது மதிப்பிடப்படும். பொலிசார் முறைப்பாட்டுப் புத்தகத்தில் வாய்மொழியாக எழுதிய வயது தவறாக இருந்தால், அது வழக்கின் கடைசிவரை தொடர்ந்து வரும். முதல் நாளிலேயே அதைத் திருத்தச் சொல்ல வேண்டும்.

பொலிஸ் நிலையத்தில் முதல் நாள்

பிள்ளையின் வழக்கு பெரும்பாலும் பொலிஸ் நிலையத்தின் முதற் சில மணி நேரத்திலேயே திசை பிடித்துவிடுகிறது. பிடியாணை இன்றிக் கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும் என்பது பொது விதி. போதைப்பொருள், பயங்கரவாதத் தடை போன்ற சிறப்புச் சட்டங்களின் கீழ் இந்தக் காலம் நீளலாம். 1939ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கைது செய்யப்பட்ட சிறுவரை உடனே நீதிமன்றத்தில் நிறுத்த முடியாவிட்டால் பெற்றோரின் பொறுப்பில் பிணை முறி எழுதி வாங்கி விடுவதே வழமை. பாரதூரமான குற்றச்சாட்டு, கெட்ட சகவாசத்திலிருந்து பிரிக்க வேண்டிய தேவை, விட்டால் நீதி கெடும் என்ற நிலை ஆகியவை இதற்கு விலக்குகள். தடுத்து வைக்க நேர்ந்தால் வயது வந்த கைதிகளுடன் சேரவிடக் கூடாது.

கைது செய்யப்பட்டவர் சார்பில் சட்டத்தரணி பொலிஸ் நிலையம் சென்று பொறுப்பதிகாரியைச் சந்திக்கலாம். 2012இல் வெளியிடப்பட்ட விதிகள் இதை உறுதிப்படுத்துகின்றன. பெற்றோர் கவனிக்க வேண்டிய இன்னொன்று வாக்குமூலம். வாசித்துக் காட்டப்படாத தாளில் பிள்ளை கையொப்பமிடக் கூடாது. குடாநாட்டின் பொலிஸ் நிலையங்களில் சிங்களம் பேசும் உத்தியோகத்தர்கள் கடமையாற்றுவதால், தமிழில் சொன்னது வேறு மொழியில் எழுதப்படும் வாய்ப்பு உண்டு. தமிழ் அரச கரும மொழிகளில் ஒன்று. வட மாகாண நீதிமன்றங்களின் மொழியும் அதுவே. வாக்குமூலம் தமிழில் பதியப்பட வேண்டும், அல்லது தமிழில் விளக்கப்பட வேண்டும் என்று கேட்பது உரிமை. குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் பொலிஸ் உத்தியோகத்தரிடம் சொன்ன வாக்குமூலத்தைச் சொன்னவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்பது சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு. இதை அறியாத பிள்ளையைத்தான் "சொல்லிப்போட்டாய், இனி என்ன?" என்ற ஒரு வார்த்தை மடக்கிவிடுகிறது.

அடி, உதை, மிரட்டல் நடந்திருந்தால் அதை மறைக்கக் கூடாது. முதன்முறை நீதவான் முன் நிறுத்தப்படும்போதே சொல்ல வேண்டும். நீதவான் சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்பக் கட்டளையிடலாம். காயத்தின் அடையாளம் சில நாட்களில் மறைந்துவிடும். அதன் பின் பிள்ளையின் வார்த்தையைத் தவிர வேறு சான்று இருக்காது.

நீதிமன்றத்தில்

குடாநாட்டில் யாழ்ப்பாணம், மல்லாகம், பருத்தித்துறை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆகிய இடங்களில் நீதவான் நீதிமன்றங்கள் உள்ளன. தனிச் சிறுவர் நீதிமன்றம் இல்லாத இடத்தில் நீதவானே சிறுவர் நீதிமன்றமாக அமர்கிறார். அப்படி அமரும்போது வேறு கட்டடத்திலோ வேறு அறையிலோ, அல்லது வேறு நாளிலோ நேரத்திலோ அமர வேண்டும் என்று 1939ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. வழக்குடன் தொடர்பில்லாதவர்களுக்கு அனுமதி இல்லை. பிள்ளையின் பெயர், முகவரி, பள்ளிக்கூடம், படம் எதையும் ஊடகங்களில் வெளியிடக் கூடாது. முகநூலிலும் யூடியூபிலும் பிள்ளையின் முகத்தைப் போட்டு "திருடன் பிடிபட்டான்" என்று பகிர்பவர்கள் இந்தத் தடையை மீறுகிறார்கள். தீர்ப்பு வந்த பின்னும் அந்தப் படம் அழியாமல் சுற்றிக்கொண்டிருக்கும். குடும்பம் அதன் திரைப்பிடிப்பை எடுத்து வைத்துச் சட்டத்தரணியிடம் கொடுப்பது நல்லது.

சிறுவர் நீதிமன்றத்தில் பிள்ளையைப் பற்றிக் குற்றத்தீர்ப்பு, தண்டனை என்ற சொற்களைப் பயன்படுத்துவதைச் சட்டம் தவிர்க்கிறது. வெளிநாட்டுப் பயணத்துக்கும் அரச வேலைக்கும் பொலிஸ் அறிக்கை கேட்கப்படும் ஊரில் இது சின்ன விடயமல்ல. ஆனால் இந்தப் பாதுகாப்பை ஒரு நிமிடத்தில் இழந்துவிடும் வழியும் நீதிமன்ற வளவிலேயே இருக்கிறது. காலை எட்டரைக்கு வந்து, தாழ்வாரத்தில் பெரியவர்களின் வழக்குகளோடு வழக்காகக் காத்திருந்து களைத்துப்போன தாய்க்கு, யாரோ ஒருவர் ஆலோசனை சொல்வார்: "ஒத்துக்கொண்டால் ஃபைனோட போயிடும்." அவளும் பிள்ளையைத் தலையாட்டச் சொல்வாள். செய்யாத குற்றத்தைக்கூட இப்படி ஏற்றுக்கொண்ட பிள்ளைகள் உண்டு. சட்டத்தரணியுடன் பேசாமல் குற்றத்தை ஏற்கவோ மறுக்கவோ கூடாது. சட்டத்தரணி இல்லாவிட்டால், சட்ட உதவி பெறும்வரை தவணை தருமாறு நீதவானிடம் நேரடியாகக் கேட்கலாம்.

பிணையிலும் பிள்ளைக்கு முன்னுரிமை உண்டு. பிணையாளியின் வதிவிடத்தைக் கிராம அலுவலர் உறுதிப்படுத்தும் பத்திரத்தை முன்கூட்டியே எடுத்து வைத்தால் அன்றைய தினமே பிள்ளை வீடு திரும்பலாம். அது இல்லாமையால் மட்டும் இன்னொரு தவணை வரை உள்ளே இருந்த பிள்ளைகளும் உண்டு.

ஓர் அறிக்கையின் எடை

நீதவான் பிள்ளையைச் சில நிமிடங்களே காண்கிறார். மிச்சத்தை அவருக்குச் சொல்வது நன்னடத்தை உத்தியோகத்தரின் சமூக அறிக்கை. அந்த ஒரு தாள் எப்படி எழுதப்படுகிறது என்பதில்தான் பெரும்பாலும் பிள்ளையின் அடுத்த சில ஆண்டுகள் தங்கியிருக்கின்றன.

வலிகாமத்தில் 15 வயதுப் பையன் ஒருவன் அயல் வீட்டுக் கிணற்றடியில் இருந்த தண்ணீர் மோட்டரைக் கழற்றிக்கொண்டு போய்ப் பிடிபட்டதாகக் கற்பனை செய்து பார்க்கலாம். பொலிஸ் அறிக்கையில் இருப்பது இன்ன திகதி, இன்ன பெறுமதி, சந்தேகநபர், திருட்டு. நன்னடத்தை உத்தியோகத்தர் வீட்டுக்குப் போகிறார். தகரக் கூரை, இரண்டு அறை, தகப்பன் விட்டுப்போய் நான்கு வருடம். தாய் வெங்காயத் தோட்டத்தில் கூலிவேலை. உத்தியோகத்தர் பள்ளிக்கூடத்துக்குப் போய் வரவுப் பதிவேட்டைப் பார்க்கிறார். வருட முற்பகுதியில் ஒழுங்காக வந்த பையன் மே மாதத்திலிருந்து வரவில்லை. மே மாதத்தில் என்ன நடந்தது என்று தாயிடம் கேட்கிறார். நுண்கடன் தவணை கட்ட முடியாமல் போய், கடன் வசூலிப்பவர்கள் வாசலில் வந்து உட்காரத் தொடங்கிய மாதம் அது. அன்றிலிருந்து பையன் லொறியில் ஏற்றி இறக்கும் வேலைக்குப் போயிருக்கிறான். மோட்டரை வாங்கியவர் பழைய இரும்புக் கடையில் நிற்கும் ஒரு பெரியவர். முன்பும் அவர் பையனிடமிருந்து செம்புக் கம்பி வாங்கியிருக்கிறார். வகுப்பாசிரியர் ஒரு வாக்கியம் சொல்கிறார்: பையன் மின்சார வேலைகளில் கெட்டிக்காரன், பள்ளிக்கூடத்து மின்விசிறியை அவன்தான் திருத்தியவன்.

இவ்வளவும் அறிக்கையில் இருந்தால் நீதவான் முன் நிற்பவன் வேறொரு பையன். பரிந்துரையும் மாறும்: தாய்மாமன் பொறுப்பில் விடலாம், ஒரு வருடம் மேற்பார்வை, மின்னிணைப்புத் தொழிற்பயிற்சிக்குச் சேர்த்தல், தாயின் கடன் பிரச்சினையைப் பிரதேச செயலகத்துக்கு அறிவித்தல், மோட்டரை வாங்கியவரைப் பற்றிப் பொலிசார் விசாரித்தல். உத்தியோகத்தர் வீட்டுக்குப் போகாமல் தாயைக் கந்தோருக்கு அழைத்துப் பத்து நிமிடம் விசாரித்து எழுதினால், "குடும்பத்தின் கண்காணிப்புப் போதாது, நிறுவனத்தில் வைப்பது உகந்தது" என்ற ஒரே வரிதான் மிஞ்சும்.

அதனால் குடும்பம் அறிக்கைக்கு உதவ வேண்டும். பிறப்புச் சான்றிதழ், பள்ளி முன்னேற்ற அறிக்கை, மருத்துவக் குறிப்புகள், பிள்ளையைப் பொறுப்பேற்கத் தயாரான உறவினரின் விவரம், ஆசிரியர் அல்லது விளையாட்டுக் கழகப் பொறுப்பாளரின் கடிதம் ஆகியவற்றை உத்தியோகத்தரிடம் கொடுக்க வேண்டும். அறிக்கையில் தவறான தகவல் இருந்தால் சட்டத்தரணி மூலம் நீதிமன்றத்தில் மறுக்கலாம். கட்டாயக் கல்வி வயது 2016ஆம் ஆண்டிலிருந்து 5 முதல் 16 வரை என்பதால், பிள்ளையை மீண்டும் சேர்க்கப் பள்ளிக்கூடம் தயங்கினால் அதையும் உத்தியோகத்தரிடம் சொல்ல வேண்டும்.

நீதிமன்றம் இடக்கூடிய கட்டளைகள்

குற்றம் நிறுவப்பட்டாலும் நீதவானுக்குப் பல வழிகள் உண்டு. எச்சரித்து விடலாம். பெற்றோரிடம் ஒப்படைத்து நன்னடத்தைக்குப் பிணை வாங்கலாம். தகுந்த ஆள் ஒருவரிடம், அதாவது பொறுப்பான உறவினரிடமோ நிறுவனத்திடமோ ஒப்படைக்கலாம். 1944ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் குற்றவாளிகள் நன்னடத்தைக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஒன்று முதல் மூன்று ஆண்டுகள் வரை நன்னடத்தை மேற்பார்வையில் வைக்கலாம். உடல்ரீதியான தண்டனையை நீதிமன்றம் விதிக்க முடியாது. 2005ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டம் அதை நீக்கிவிட்டது. 18 வயதுக்குக் குறைந்த வயதில் செய்த குற்றத்துக்கு மரண தண்டனையும் விதிக்க முடியாது.

கடைசி வழி, நீதிமன்றக் கட்டளையின்படி பிள்ளையைத் தங்கவைக்கும் சான்றுபெற்ற பாடசாலை. குடாநாட்டில் அச்சுவேலியில் அத்தகைய பாடசாலை இருக்கிறது. அங்கு மூன்று ஆண்டுகள் வரை வைத்திருக்கலாம். நிறுவனத்தில் இடுவதைக் கடைசி வழியாக, இயன்ற குறுகிய காலத்துக்கே பயன்படுத்த வேண்டும் என்பது சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 37ஆம் உறுப்புரை. நிறுவனம் எவ்வளவு நல்லதாயினும் வீட்டின் இடத்தை நிரப்பாது. அத்துடன், சிறு தவறு செய்த பிள்ளையும் பெரிய தவறு செய்த பிள்ளையும் ஒரே மண்டபத்தில் படுத்தெழும்போது ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொள்வதைத் தடுப்பது கடினம். கட்டளை வந்த பின்னும் பெற்றோர் போய்ப் பார்ப்பதை நிறுத்தக் கூடாது. எவரும் போய்ப் பார்க்காத பிள்ளையின் பெயர் கோப்பில் மெல்ல மங்கிவிடும்.

16 வயதைக் கடந்தவர்களுக்கு 1939ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க இளம் குற்றவாளிகள் பயிற்சிப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம் உண்டு. 22 வயது வரையிலானோரைச் சிறைக்குப் பதிலாகப் பயிற்சிக்கு அனுப்ப அது வழிசெய்தது. இந்த வயதுப் பையன் யாழ்ப்பாணச் சிறைச்சாலையில் பெரியவர்களோடு விளக்கமறியலில் இருக்க நேர்வதே நடைமுறையில் பெரிய ஆபத்து. சட்டத்தரணி அதைத் தடுக்கப் பிணை விண்ணப்பத்தை விரைவாகச் செய்ய வேண்டும்.

போதை, வாள்வெட்டு: பிள்ளை எந்தப் பக்கம்?

போருக்குப் பின்னான குடாநாட்டில் இளையோரை நீதிமன்றத்துக்கு இழுத்துவரும் இரண்டு வழிகள் போதைப்பொருளும் வாள்வெட்டுக் குழுக்களும். இரண்டிலும் பிள்ளை குற்றவாளியாகவும் பாதிக்கப்பட்டவராகவும் ஒரே நேரத்தில் நிற்கலாம். கஞ்சாவோ ஹெரோயினோ ஐஸோ கொண்டு போகச் சொல்லிப் பையனின் கையில் கொடுப்பவர் அவனை விட வயதில் மூத்தவர். குழுவில் சேர்ந்த பையன் விலக நினைக்கும்போது மிரட்டப்படுவான். சட்டத்தரணி கேட்க வேண்டிய கேள்வி "யார் கொடுத்தது?" என்பது. பதில் நேர்மையாகக் கிடைக்க வேண்டுமானால் சொல்லும் பிள்ளைக்குப் பாதுகாப்பு வேண்டும். 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் அந்தப் பாதுகாப்பைக் கேட்க வழிசெய்கிறது.

போதைப்பொருள் வழக்குகளில் பொருளின் வகையும் நிறையும் மிக முக்கியம். குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் நீதவானுக்குப் பிணை வழங்கும் அதிகாரம் இல்லை, மேல் நீதிமன்றங்களுக்குப் போக வேண்டும். 2022ஆம் ஆண்டுத் திருத்தம் ஐஸ் போதைப்பொருளையும் கடும் தண்டனைக்குரிய பட்டியலில் சேர்த்தது. அதனால் "சின்னப் பெடியன், விட்டுவிடுவார்கள்" என்று குடும்பம் அசட்டையாக இருந்துவிட முடியாது. பாவனைக்கு அடிமைப்பட்ட பிள்ளைக்குச் சிகிச்சை கோரிச் சட்டத்தரணி விண்ணப்பிக்கலாம்.

இந்தப் பிள்ளைகளின் பின்னால் போரின் நிழலும் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம் போர் தனியாளை மட்டுமன்றிக் குடும்பத்தையும் சமூகத்தையுமே காயப்படுத்துகிறது என்று நீண்ட காலமாக எழுதிவந்தார். போரில் தாமே சிதைந்த பெற்றோரிடம் வளர்ந்த பிள்ளையின் கோபத்துக்கு உளவளத்துணை தேவைப்படலாம். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் உளமருத்துவப் பிரிவும், சாந்திகம் போன்ற அமைப்புகளும் அந்த உதவியை வழங்குகின்றன. போர் முடிந்தபோது சரணடைந்த 594 முன்னாள் சிறுவர் போராளிகளைத் தண்டனைக்குள்ளாக்காமல் மறுவாழ்வு நிலையங்களில் படிப்புக்குத் திருப்பியது, பிள்ளையைக் குற்றவாளியாகப் பார்க்காமலும் நடத்த முடியும் என்பதற்கு அண்மைக்கால உதாரணம்.

பாதிக்கப்பட்ட பிள்ளைக்கும் பேச்சாளர் தேவை

நீதிமன்றத்துக்கு வரும் பிள்ளைகளில் பலர் எதையும் செய்தவர்கள் அல்லர், அவர்களுக்குச் செய்யப்பட்டது. பாலியல் சம்மதத்துக்கான வயது 16, திருமண வயது 18. இரண்டும் 1995ஆம் ஆண்டுத் திருத்தங்களால் நிலைநிறுத்தப்பட்டவை. 15 வயதுச் சிறுமி ஒருத்தி காதலித்தவனோடு வீட்டை விட்டுப் போனால் சட்டத்தின் முன் அவள் பாதிக்கப்பட்டவள். ஆனால் நடைமுறையில் வைத்தியப் பரிசோதனை, வாக்குமூலம், பிறகு வீட்டார் ஏற்க மறுத்தால் சிறுவர் இல்லம் என்று அலைவதும் அவளே. சந்தேகநபர் பிணையில் வெளியே வரும்போது அவள் படலை பூட்டிய இல்லத்தில் இருக்கும் முரண்பாடும் நேரலாம். பள்ளிக்கூடத்துக்குத் திரும்ப அனுமதி, உறவினரிடம் ஒப்படைப்பு, உளவளத்துணை, குறித்த காலத்தில் மீளாய்வு ஆகியவற்றை அவள் சார்பில் கேட்பவர் ஒருவர் இருக்க வேண்டும்.

சாட்சி சொல்வதிலும் பிள்ளைக்கு வசதி உண்டு. 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம், சிறுவர் துன்புறுத்தல் வழக்குகளில் பிள்ளையின் முதல் நேர்காணலை வீடியோவில் பதிந்து சாட்சியமாகப் பயன்படுத்த அனுமதிக்கிறது. ஒரே சம்பவத்தைப் பொலிசிலும் வைத்தியசாலையிலும் நீதிமன்றத்திலும் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காமலிருப்பது இதன் நோக்கம். சந்தேகநபரைப் பார்க்காமல் சாட்சி சொல்லவும் கேட்கலாம்.

தவறு நடந்தால் எங்கே போவது

பிள்ளை துன்புறுத்தப்பட்டாலோ ஆபத்தில் இருந்தாலோ தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்தை எந்த நேரத்திலும் இலவசமாக அழைக்கலாம். தமிழிலும் பேசலாம். முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்து வைத்திருப்பது அவசியம்.

பொலிசாரோ வேறு அரச உத்தியோகத்தரோ பிள்ளையை அடித்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாணப் பிராந்திய அலுவலகத்தில் முறையிடலாம். ஆணைக்குழு 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்ய ஒரு மாத அவகாசமே உண்டு. அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறையிட்டிருந்தால், அங்கு விசாரணை நடக்கும் காலம் அவகாசத்தில் கணக்கிடப்படாது. இந்த ஒரு விதியை அறியாமல் காலத்தைத் தவறவிட்ட குடும்பங்கள் பல. சித்திரவதையைத் தனிக் குற்றமாக்கிய 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஏழு முதல் பத்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. நீதவானின் கட்டளை பிழையெனத் தோன்றினால் மாகாண மேல் நீதிமன்றத்தில் மேன்முறையீடோ மீளாய்வோ கோரலாம்.

இல்லத்திலோ பாடசாலையிலோ வைக்கப்பட்ட பிள்ளைக்குத் துன்பம் நேர்ந்தால் நன்னடத்தை உத்தியோகத்தருக்கு எழுத்தில் அறிவித்து, பிரதியைச் சட்டத்தரணியிடமும் கொடுக்க வேண்டும். வாயால் சொன்ன முறைப்பாடு உத்தியோகத்தர் மாறியதும் மறைந்துவிடும். திகதியிட்ட கடிதம் கோப்பில் இருக்கும்.

கட்டளைக்குப் பின்

நன்னடத்தை மேற்பார்வைக் காலத்தில் பிள்ளை குறித்த நாட்களில் உத்தியோகத்தரைச் சந்திக்க வேண்டும், முகவரி மாறினால் அறிவிக்க வேண்டும், கட்டளையில் சொன்ன நிபந்தனைகளைப் பின்பற்ற வேண்டும். தவறினால் வழக்கு மீண்டும் நீதிமன்றத்துக்கு வரும். பஸ் வசதியில்லாத தீவுப்பகுதிப் பிள்ளை இரண்டு தடவை வராமல் விட்டதற்குக் காரணம் படகோ மழையோவாக இருக்கலாம். அதை உடனே தொலைபேசியில் சொல்லிவிட்டால் மீறல் என்று பதிவாகாமல் தவிர்க்கலாம். மேற்பார்வைக் காலம் முடியும்போது உத்தியோகத்தர் இறுதி அறிக்கை தருவார். நீதவான் அதை ஏற்று மேற்பார்வையை முடிப்பார். அந்தக் கட்டளையின் பிரதியைப் பெற்று, பிறப்புச் சான்றிதழும் பள்ளிக்கூடக் கடிதமும் இருக்கும் அதே உறையில் வைக்க வேண்டும். வேலைக்கோ பயணத்துக்கோ கேட்கப்படும்போது, வழக்கு முடிந்துவிட்டது என்று சொல்லப் பிள்ளையின் கையில் இருக்கும் ஆவணம் அதுதான்.